கூடும் எடுக்கும் மேசை

நலமெய் நிலையத்தின் வாசலில் பளிங்கில் செதுக்கிய கல்லீரல் ஒன்று இருக்கிறது. ஆள் உயரம் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நிறுவனர் யாரோ குப்புறப் படுத்திருக்கிறார் என்று நினைத்து அதற்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டேன். வாசல் காவலாளி சிரிக்கவில்லை. "எல்லாரும் வைப்பாங்க சார்" என்றார். அப்போதே திரும்பிப் போயிருக்க வேண்டும். எனக்கு எதுவும் உறைப்பதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும்.

அதற்கு முன் பத்தொன்பது வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கதைப் புத்தகம் அல்ல. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, வெங்காயத் தோல் மாதிரி, எல்லோரும் முதல் வேலையாகத் தூக்கி எறிவார்களே, அந்தத் தாள். அதை வரி விடாமல் படிப்பதுதான் என் பிழைப்பு. ஒரு புள்ளி இடம் மாறினால் ஒரு மில்லி பத்து மில்லி ஆகிவிடும். பத்தொன்பது வருடத்தில் ஒரு புள்ளியை நான் தவறவிட்டதில்லை. பிறகு, தாளே வேண்டாம், பெட்டியின் மேல் ஒரு கறுப்புக் கட்டம் அச்சடித்தால் போதும், போனைக் காட்டினால் எல்லாம் வந்துவிடும் என்றார்கள். அச்சகத்தை மூடினார்கள். நாற்பத்தெட்டு வயதில், பொடி எழுத்தைப் படிப்பதைத் தவிர ஒரு மண்ணும் தெரியாத ஆளை யார் கூப்பிடப் போகிறார்கள்? நலமெய் நிலையம் கூப்பிட்டது.

விளக்க அண்ணனைத் தெரிந்திருக்கும். போனைத் திறந்தால் வருவாரே, வெள்ளைக் கோட்டு, கழுத்தில் யாருடைய நெஞ்சையும் கேட்டறியாத ஸ்டெதஸ்கோப். நிலையம் அவருடையது. அவர் படித்தது பாறைகளைப் பற்றி. ஆரம்பத்தில் வானம் ஏன் நீலமாக இருக்கிறது, இடி ஏன் மின்னலுக்குப் பின்னால் வருகிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நன்றாகவே சொன்னார், குறை சொல்ல முடியாது. பார்த்தவர்கள் நானூறு பேர். ஒரு நாள் பேச விஷயம் கிடைக்காமல் கல்லீரலைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். ஒரே வாரத்தில் ஏழு லட்சம் பேர் பார்த்தார்கள். அத்தோடு வானத்தை அவர் கைகழுவிவிட்டார்.

என் அக்கா அவருடைய பரம ரசிகை. அக்கா தையல்காரி. வீட்டில் அவளும் நானும்தான். முன்னறையில் ஜன்னலோரம் அவளுடைய கால்மெஷின், பக்கத்தில் நூல்கண்டு டப்பா, அந்த டப்பாவில் சாய்த்து வைத்த போனில் விளக்க அண்ணன். அக்காவுக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. "நாள் பூரா ஊசியோட மல்லுக்கட்டுறேன். போதாதுன்னு என்னையும் பிடிச்சுத் தைக்கணுமாடா?" என்பாள். எனக்கு அங்கே வேலை கிடைத்ததும் அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம், "இனிமே என் தம்பி சரின்னு சொன்னாத்தான் அவரே வாயைத் திறப்பார்" என்று அளந்தாள், இஞ்ச் டேப்பை வைத்துக்கொண்டே.

முதல் நாள் துறைத் தலைவர் என்னை உட்காரவைத்துக் கேட்டார்:

"முன்னாடி என்ன வேலை?"

"பிழை திருத்துறது சார்."

"அதை மறந்துடுங்க. இது பிழை திருத்துற துறை இல்ல. சரிபார்ப்புத் துறை. பேரைக் கவனிச்சீங்களா? சரி, பார்ப்பு. இங்க சரியைத்தான் பார்க்கணும். தப்பைப் பார்க்கிறதுக்கு வெளியில ஊர்ப்பட்ட பேர் இருக்காங்க. அவங்க பிழைப்புல நாம ஏன் மண்ணள்ளிப் போடணும்?"

மூன்று ரப்பர் முத்திரை கொடுத்தார். ‘சரி’, ‘மிகச் சரி’, ‘சரி எனலாம்’. மூன்றிலும் என் எண் 14. நான் குத்தினால் காணொளியின் வலது மூலையில் பச்சை வட்டத்துக்குள் ‘சரி - 14’ என்று வரும். தப்பு என்று ஒரு முத்திரை இல்லையா என்று கேட்டேன்.

"முத்திரை செய்யிறவர் நல்ல மனுஷன்" என்றார். "அவர்கிட்டப் போய் அப்படி ஒரு வார்த்தையைச் செதுக்கச் சொல்றதா?"

வேலை முறை இதுதான். விளக்க அண்ணன் பேசப்போகும் உரை வரும். அதற்கு ஆதாரமான ஆராய்ச்சிக் கட்டுரையும் கூடவே வரும். நான் இரண்டையும் படித்து முத்திரை குத்த வேண்டும். அதன் பிறகு உரை மெருகேற்றும் பிரிவுக்குப் போகும். முதலில் சரி, அப்புறம் மெருகு.

"மெருகுக்கு அப்புறம் யார் சார் பார்ப்பாங்க?" என்று கேட்டேன்.

"ஜனங்க பார்ப்பாங்க" என்றார்.

முதல் வாரம் கொட்டாவி விட்டால் சிறுநீரகம் சுத்தமாகும் என்று ஓர் உரை வந்தது. ஆதாரத்தைப் பிரித்தேன். மொத்தம் மூன்று பேரிடம் சோதித்திருந்தார்கள். அதில் இருவர் ஆராய்ச்சியாளரின் மாமியாரும் மச்சினனும். மூன்றாமவர் பாதியில் தூங்கிப்போனார். நான் கேள்வி எழுப்பியதும், "தூங்கினாரா? அப்ப நல்லா வேலை செஞ்சிருக்கு" என்று துறைத் தலைவரே என் கையிலிருந்து முத்திரையை வாங்கி ‘மிகச் சரி’ குத்தினார். அடுத்த வாரம் இடது பக்கம் படுத்தால் ஞாபகசக்தி பெருகும். அது எலிகளிடம் சோதித்தது. எலி எந்தப் பக்கம் படுத்ததென்று அவர்களுக்கே நினைவில்லையாம். ‘சரி எனலாம்’ குத்தினேன். யாராவது இடது பக்கம் படுத்துவிட்டுப் போகட்டும், என்ன குடிமுழுகிவிடும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நான்காவது மாதம் கணையம் வந்தது.

ஒவ்வொரு வாயையும் ஐம்பது தடவை மென்று விழுங்கினால் கணையம் விழித்துக்கொள்ளும், சர்க்கரை இறங்கும், ஊசியைத் தேட வேண்டியிருக்காது. உரை இப்படிச் சொன்னது. கட்டுரையைப் படித்தேன். பதினோரு எலிகளுக்கு மாவாக அரைத்த தீனி கொடுத்து நான்கு நாள் பார்த்திருக்கிறார்கள். முடிவில் ஒரே வரி: ‘கணையத்தின் சோர்வு குறையக்கூடும், மனிதரிடம் இது இன்னும் ஆராயப்படவில்லை.’ பாவம், நேர்மையான மனிதர்கள். உரையில் அது ‘கணையத்தின் சோர்வு குறையும்’ என்று இருந்தது. ‘கூடும்’ எங்கே போயிற்று? காற்புள்ளிக்குப் பிறகு இருந்த வாக்கியம் எங்கே போயிற்று?

விசாரித்ததில், உரை என்னிடம் வருமுன் ஒரு தடவையும் மெருகின்போது இன்னொரு தடவையும் போய்வர, இரண்டாம் மாடியில் அதற்கென்றே ஒரு மேசை இருப்பது தெரிந்தது. கூடும் எடுக்கும் மேசை. பள்ளியில் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்ற ஓர் அம்மா அங்கே உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரை டீச்சர் என்றார்கள். மேசையில் ஒரு சிவப்பு மை பேனா, ஒரு கண்ணாடிக் கூடு, வேறெதுவும் இல்லை.

"குறையக்கூடும்ல இருந்து குறையும். மூணே மூணு எழுத்துதான் எடுத்தேன்" என்றார் டீச்சர். "எண்ணிப் பாருங்க. அதுல நாலு இருக்கு, இதுல ஏழு இருந்துச்சு."

"அர்த்தம் மாறிடுச்சே டீச்சர்."

"அர்த்தம் எனக்கு வராது. அது முதல் மாடி. ஒரு வாக்கியம்னா தன் கால்ல நிக்கணும். கூடும்னு சொன்னா அது கம்பு ஊனிக்கிட்டு நொண்டுது. நான் கம்பைப் பிடுங்குறேன், அவ்வளவுதான்."

வாரக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். பதினெட்டுச் சரிபார்ப்பாளர்களும் வெள்ளைக் கோட்டில் வட்டமாக நின்று, ‘ஆதாரமே எங்கள் தாய், ஆதாரமே எங்கள் தந்தை’ என்று உறுதிமொழி சொல்லி முடித்திருந்த நேரம். விளக்க அண்ணனே வந்திருந்தார். நான் பேசியதை அவர் பொறுமையாகக் கேட்டார். அவருக்குக் கோபமே வராது. அதுதான் அவரிடம் உள்ள பெரிய கோளாறு.

"நல்ல கேள்வி" என்றார். "எலிக்குத்தானேன்னு கேக்கிறார். எலிக்கும் கணையம், நமக்கும் கணையம். அறிவியல் சின்னவன் பெரியவன் பார்க்காது. நாம பார்க்கலாமா? அப்புறம் இந்தச் சந்தேகம். சந்தேகம்ங்கிறது ஒரு வியாதி. ஜனங்க டாக்டர்கிட்டப் போனா என்ன சொல்றார்? பார்க்கலாம், டெஸ்ட் எடுக்கலாம், ஆகலாம், ஆகாமலும் போகலாம். பாதி உயிர் அங்கயே போயிடுது. நான் ‘ஆகும்’னு சொல்றேன். கேட்டவங்க முகம் எப்படி மலருது பாருங்க! அந்த மலர்ச்சிதான் ஆதாரம்."

கைதட்டினார்கள். பக்கத்து ஆள் பார்க்கிறானே என்று நானும் இரண்டு தட்டு தட்டினேன்.

ஆனாலும் நான் விடவில்லை. ஒரு நிபந்தனை வைத்தேன். காணொளியின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரியாவது வர வேண்டும்: ‘மருத்துவரைக் கேட்காமல் இன்சுலின் ஊசியை நிறுத்தக் கூடாது.’ துறைத் தலைவர் யோசித்தார். "அரை விநாடிதான் தருவேன்" என்றார். சம்மதித்தேன். பொடி எழுத்து என் சொந்த ஊர் மாதிரி. அதில் ஒரு வரி வந்துவிட்டால் உலகமே பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கிற பைத்தியக்காரன் நான். என் கையாலேயே அந்த வரியை எழுதி, என் கையாலேயே ‘சரி - 14’ குத்தினேன். அன்று வீட்டுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து போனேன். காணொளி வெளிவந்ததும் ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாம். நாள் முழுக்க அந்த மனிதரின் உரையைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தும் அவர் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமா என்று விட்டுவிட்டேன்.

அக்கா பார்த்தாள். அன்றிலிருந்து வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு நின்றுபோனது. அவள் சுவரைப் பார்த்து மென்றுகொண்டே இருப்பாள். விரல் மடித்து எண்ணுவாள். நான் சாப்பிட்டு, தட்டைக் கழுவி, துணி மடித்து வைத்துவிட்டு வந்தாலும் அவள் மூன்றாவது வாயில் இருப்பாள். 

"ஊசி போட்டியாக்கா?" என்று கேட்பேன்.

"ம்" என்பாள். வாயில் முப்பத்தேழாவது மெல்லல். அந்த ‘ம்’ போட்டேன் என்கிற ‘ம்’ என்றே எடுத்துக்கொண்டேன்.

ஏழு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பிரிட்ஜில் இன்சுலின் குப்பியைப் பார்த்தேன். மூடி கூடத் திறக்கவில்லை. முன்னறைக்கு வந்தேன். மெஷினில் உட்கார்ந்திருந்த அக்காவின் வலது பாதத்தில் துணி சுற்றியிருந்தது. கத்தரிக்கோல் விழுந்துவிட்டது, சின்னக் கீறல், ஆறிவிடும் என்றாள். குனிந்து துணியை அவிழ்த்தேன். கட்டைவிரல் கறுத்திருந்தது. நாற்றம் வந்தது.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கே!" என்று கத்திவிட்டேன். "யார் உன்னை ஊசியை நிறுத்தச் சொன்னா?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"நீதானேடா சொன்னே" என்றாள்.

போனை எடுத்தாள். காணொளியை ஓடவிட்டு, ஓரிடத்தில் டக்கென்று நிறுத்தினாள். தவறிவிட்டது. மறுபடி ஓட்டி நிறுத்தினாள். மூன்றாம் தடவை சரியாக நின்றது. "அரைச் செகண்டுதான் வரும். என் தம்பி பொடி எழுத்துக்காரன், நான் அதைப் படிக்காம விடுவேனா? அதுக்குப் பக்கத்துலயே உன் நம்பர் இருக்கு பாரு. அடுத்த டெஸ்ட்ல சர்க்கரை இறங்கினதும் உன்கிட்டச் சொல்லி அசத்தலாம்னு இருந்தேன்."

படித்தேன். ‘மருத்துவரைக் கேட்காமல் இன்சுலின் ஊசியை நிறுத்தவும்.’

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றார். கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். மெஷின் மிதிக்கிற கால். கையெழுத்துப் போடும்போது அந்தப் படிவத்திலிருந்த பொடி எழுத்தை நான் வரி விடாமல் படித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் நேரே இரண்டாம் மாடிக்குப் போனேன்.

"நிறுத்தக் கூடாதுன்னு எழுதினேனே டீச்சர், என்ன பண்ணீங்க?"

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய தாளைத் தேடி எடுத்தார். தன் சிவப்பு மையைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "கூடும், கூடாது, ரெண்டும் ஒரே வேர். கூடும்னு ஒண்ணை எடுக்கணும், கூடாதுன்னு இன்னொண்ணை விடணும்னா அது ஓரவஞ்சனை. எடுத்தேன். ‘நிறுத்த’ன்னு தொங்கிக்கிட்டு நின்னுச்சு. வாக்கியம் முடியணுமில்ல? ‘வும்’ போட்டு முடிச்சேன். மரியாதையாவும் இருக்கு."

"என் அக்காவோட கால் போச்சு டீச்சர்."

அவர் பேனா மூடியைத் திருகி மூடினார். "இலக்கணப் பிழை இல்லையே" என்றார், மெதுவாக.

துறைத் தலைவர் இன்னும் தெளிவாக இருந்தார். "அந்த வரியை யார் கேட்டா? நீங்கதானே? நீங்க எச்சரிக்கை போடாம இருந்திருந்தா அதுல இப்படி ஒரு தப்பு வந்திருக்குமா? நான் உங்க மேல நடவடிக்கை எடுக்கலையேன்னு சந்தோஷப்படுங்க."

விளக்க அண்ணனைப் படப்பிடிப்பு அறையில் பிடித்தேன். முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பல்ல என்று சத்தியம் செய்வேன்.

"என்னால புரிஞ்சுக்க முடியுது. எங்கம்மாவுக்கும் சர்க்கரைதான்" என்றார்.

"அவங்க ஐம்பது தடவை மெல்றாங்களா?"

"அம்மாவா? சேச்சே. காலையில சாயங்காலம் நானே என் கையால ஊசி போட்டுவிடுவேன். ஒரு நாள் தவறமாட்டேன். அவங்க டாக்டர் ரொம்பக் கண்டிப்பு." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமரா பக்கம் திரும்பினார். அன்றைய உரை சுவாசத்தால் கண்பார்வையைக் கூர்மையாக்குவது பற்றி.

நிலையம் மெல்லல் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. மூன்று வெள்ளைக் கோட்டுகள் வார்டுக்கு வந்தன. நிஜ டாக்டர்கள் என்று நினைத்து அக்கா எழுந்து உட்கார முயன்றாள். ஒருவர் கையில் கட்டைவிரலால் அமுக்கி எண்ணுகிற சின்னக் கருவி.

"ஒவ்வொரு வாயும் ஐம்பது தடவை மென்னீங்களாம்மா? யோசிச்சுச் சொல்லுங்க."

அக்காவுக்குப் பொய் வராது. "மென்னேங்க. சில நாள் கடைசியில கூழாப் போயிடும். நாற்பத்தாறுலயே முழுங்கிடுவேன்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாலு குறையுது" என்றார் கருவிக்காரர், காணாமல் போன பொருள் கிடைத்துவிட்ட நிம்மதியோடு. எழுதிக்கொண்டார்கள். போகும்போது, சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும் என்று அக்காவை வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

அறிக்கை என் மேசைக்கே வந்தது, சரிபார்க்க. அப்போதுதான் எடுத்த ‘கூடும்’களையெல்லாம் டீச்சர் எங்கே சேர்த்து வைத்திருந்தார் என்று தெரிந்தது. மொத்தத்தையும் அந்த ஒரு தாளில் கொட்டியிருந்தார்.

‘பயனாளருக்கு ஏற்பட்ட இடர்ப்பாட்டுக்கு வேறு காரணங்கள் இருக்கக்கூடும். அவர் குறைவாக மென்றிருக்கக்கூடும். குறிப்பைப் பிழையாகப் புரிந்துகொண்டிருக்கக்கூடும். கத்தரிக்கோல் கூர்மையாக இருந்திருக்கக்கூடும். நிலையத்தின் காணொளிக்கும் இதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் எனச் சிலர் கருதக்கூடும். எனினும் மனிதரிடம் இது இன்னும் ஆராயப்படவில்லை.’

இரண்டு தடவை படித்தேன். ஓர் ஒற்றெழுத்து கூட விட்டுப்போகவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான தாளைப் பார்த்ததில்லை. முத்திரைகள் மூன்றையும் அந்தத் தாளின் மேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கல்லீரலைத் தாண்டும்போது காவலாளி, "இன்னைக்கு வணக்கம் வைக்கலையா சார்?" என்றார். 

"நாசமாப் போக" என்றேன். அவரைச் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்த அறிக்கை தபாலில் அக்கா பேருக்கு வந்தது. அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து இடது காலால் மிதிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். தையல் கோணலாக ஓடியது. ஊன்றுகோலை ஜன்னலில் சாய்த்து வைத்திருந்தாள். உறையைப் பிரித்து, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். அடியிலிருந்த பொடி எழுத்தையும் விடவில்லை. பிறகு தாளின் வலது மூலையில் விரலை வைத்தாள்.

"நீயே சரின்னு போட்டிருக்கியேடா. அப்ப நான்தான் ஒழுங்கா மெல்லாம விட்டுட்டேன்."

எட்டிப் பார்த்தேன். பச்சை வட்டம். சரி - 14.

"அது நான் இல்லக்கா. நான் போட மாட்டேன்னு எழுந்து வந்துட்டேன். அந்த நம்பரை வேற யாருக்கோ கொடுத்துட்டாங்க."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு அந்த வெளிச்சத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"அப்படின்னா அந்த வீடியோவுல இருந்ததும் வேற ஆளு போட்டதுதானே?" என்றாள். "நீயா இருக்காதுன்னு எனக்கு அப்பவே தோணுச்சுடா."

‘இருக்கக்கூடும்’ என்று சொல்லியிருந்தால் போதும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் அதை மறுபேச்சில்லாமல் நம்பியிருப்பாள்.

"அது நான்தான்க்கா" என்றேன்.

அக்கா தாளை நாலாக மடித்து நூல்கண்டு டப்பாவுக்கு அடியில் வைத்தாள். துணியை ஊசிக்குக் கீழே இழுத்துவிட்டு, இடது காலால் மிதிக்க ஆரம்பித்தாள். 

அதற்குப் பிறகு நான் சொல்கிற எதையும் அவள் டாக்டரம்மாவிடம் ஒரு தடவை கேட்காமல் நம்புவதில்லை.